வயதானால் தூக்கம் குறைவது இயல்பா? மூத்தோர் மிகுந்த கேரளத்திலிருந்து ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: பத்மநாபசுவாமி கோயிலில் நிர்மால்ய தரிசனத்துக்காக அதிகாலை மூன்றரை மணிக்கே நடை திறக்கப்படுகிறது. பொழுது புலரும் வேளையில் அருங்காட்சியக வளாகத்திலும் கவடியார் சாலையிலும் நடைப்பயிற்சிக்கு வருவோர் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சீக்கிரம் எழுவதைச் சிறப்பாகக் கருதும் நகரம் இது. ஆயினும், விரும்பி எழுவோர் ஒருபுறம் இருக்க, மூன்று மணிக்கே கண் விழித்து, மீண்டும் உறங்க இயலாமல் விடியலுக்காகக் காத்துக் கிடக்கும் முதியோரும் ஏராளம். "வயசானா அப்படித்தான்" என்ற ஒற்றை வரியோடு வீடுகளில் இந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த வரி பாதி உண்மை. வயது ஏற ஏற உறக்கத்தின் அமைப்பு மாறுவது இயற்கை. ஆனால், குறட்டையோடு வரும் மூச்சுத்தடை, இரவில் திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க நேர்வது, கால் குடைச்சல், மனச்சோர்வு, தவறான நேரத்தில் உட்கொள்ளும் மாத்திரை ஆகியவையும் அதே வரிக்குள் ஒளிந்துகொள்கின்றன. இவை முதுமையின் இயல்புகள் அல்ல, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறியாமல் தூக்க மாத்திரையைத் தேடிப்போவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கேரளத்தில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

நாட்டிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் கேரளம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இந்தியாவில் முதியோர்' அறிக்கையின் மதிப்பீட்டின்படி, கேரள மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 16.5 விழுக்காடு. அடுத்த இடத்தில் தமிழ்நாடு 13.6 விழுக்காட்டுடன் உள்ளது. இந்திய சராசரி 10.1 விழுக்காடு மட்டுமே. 2031-இல் கேரளத்தில் இது 20.9 விழுக்காடாகவும், தமிழ்நாட்டில் 18.2 விழுக்காடாகவும் உயரும் என்று அதே அறிக்கை கணிக்கிறது. அதாவது, தமிழ்நாட்டின் நாளைய நிலையைக் கேரளம் இன்றே எதிர்கொள்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்புகளைத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 22 லட்சம் கேரள மக்கள் வெளிநாடுகளில் வசிக்கின்றனர். பிள்ளைகள் துபாயிலோ லண்டனிலோ இருக்க, பெரிய வீட்டில் பெற்றோர் இருவராகவோ தனியாகவோ வாழ்வது இங்கு அரிதான காட்சி அல்ல. அருகில் படுத்திருப்பவர் சொன்னால்தான் குறட்டையும் மூச்சுத்திணறலும் தெரியவரும். தனித்து வாழ்வோருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

உடலுக்குள் நிகழும் மாற்றம்

உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்பது 1982-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்த கருத்து. இன்றும் உறக்க மருத்துவத்தின் அடிப்படை அதுவே. முதலாவது, விழித்திருக்கும் நேரம் நீள நீளப் பசியைப் போல ஏறிக்கொண்டே போகும் உறக்க வேட்கை. இரண்டாவது, எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்பதை மூளையின் அடிப்பகுதியில் இருந்து நிர்ணயிக்கும் உயிர்க் கடிகாரம். முதுமையில் இவ்விரண்டுமே தளர்கின்றன.

ஓர் இரவில் உறக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. மெல்லிய உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுழற்சிகளாக அது நகர்கிறது. வயது கூடும்போது முதலில் தேய்வது ஆழ்ந்த உறக்கம். அதன் இடத்தை மெல்லிய உறக்கம் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இளமையில் இடி இடித்தாலும் எழாதவர், எழுபதில் தெருநாய் குரைத்தால் விழித்துவிடுகிறார். நடுவயதில் பத்தாண்டுக்குச் சுமார் பத்து நிமிடம் என்ற அளவில் மொத்த உறக்க நேரம் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. 60 வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எனவே, நேற்றுவரை ஆறரை மணி நேரம் உறங்கிய 70 வயதுக்காரர் திடீரென நான்கு மணி நேரமே உறங்கத் தொடங்கினால், அதற்கு வயதைக் காரணம் காட்ட இயலாது.

வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவாகவே தேவை என்ற நம்பிக்கையும் சரியன்று. 65 வயதைக் கடந்தோருக்கு 7 முதல் 8 மணி நேரம் என்பதே அமெரிக்காவின் தேசிய உறக்க அறக்கட்டளை 2015-இல் அளித்த பரிந்துரை. தேவை பெரிதாகக் குறைவதில்லை. அதைத் தொடர்ச்சியாகப் பெறும் ஆற்றல்தான் குறைகிறது. மணிக்கணக்கைவிட முக்கியமான அளவுகோல் மறுநாள் பகல். ஆறு மணி நேரமே உறங்கினாலும் பகலில் தெளிவாக, சோர்வின்றி இயங்குபவர் கவலைப்பட வேண்டியதில்லை.

எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு

உயிர்க் கடிகாரம் முதுமையில் முன்னோக்கி நகர்கிறது. மாலையிலேயே கண் சொக்கும். விடியலுக்கு முன்பே விழிப்பு வரும். இரவு எட்டு மணிக்கு உறங்கி மூன்று மணிக்கு எழுபவர் ஏழு மணி நேரம் உறங்கியிருக்கிறார். இது தூக்கமின்மை அல்ல; நேரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இக்கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே மருந்துக் கடைக்குச் செல்வோர் பலர்.

இந்தக் கடிகாரத்தைத் திருத்தும் முதன்மைக் கருவி வெளிச்சம். பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை பாகையில் அமைந்துள்ள திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதும் காலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் சூரியன் உதிக்கிறது. மாலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் மறைகிறது. குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும் ஐரோப்பிய முதியோருக்கு இல்லாத வசதி இது. இருந்தும், பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே அமர்ந்திருப்பவருக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. வயதாகும்போது கண் வில்லை மஞ்சளடைந்து, கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் நீல ஒளியை வடிகட்டிவிடுவதால், இளைஞரைவிட முதியவருக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும். கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கு உறக்கம் மேம்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எந்த வேளை வெளிச்சம் என்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். "காலையில் நடங்கள், நன்றாகத் தூக்கம் வரும்" என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராமல் தவிப்பவருக்கு அது பொருந்தும். காலை ஒளி அவரது கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். ஆனால், ஏற்கெனவே மூன்று மணிக்கு விழிப்பவர் உடனே விளக்குகளை எல்லாம் போட்டுக்கொண்டு, விடிந்ததும் வெளிச்சத்தில் நடந்தால், அவரது கடிகாரம் இன்னும் முன்னேறிவிடக்கூடும். அத்தகையவருக்கு மாலை நடைதான் ஏற்றது. மேற்கு நோக்கி விரிந்திருக்கும் சங்குமுகம் கடற்கரையில் ஐந்தரை மணி வெயிலில் நடப்பது இந்த வகையில் நல்ல தேர்வு. விடியலுக்கு முன் விழித்துவிட்டால் மங்கிய ஒளியிலேயே இருப்பது நலம். மாலை ஒளியின் பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆயினும் செலவும் தீங்கும் இல்லாத முயற்சி என்பதால் இரண்டு மூன்று வாரங்கள் செய்து பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

அதனுடன், ஏழரை மணித் தொலைக்காட்சித் தொடரின்போது நாற்காலியிலேயே கண் அயர்வதையும் தவிர்க்க வேண்டும். அந்த அரை மணி நேரக் கோழித் தூக்கம், நள்ளிரவு உறக்கத்திலிருந்து கடன் வாங்கியது.

படுக்கையில் கூடுதல் நேரம், உறக்கம் குறைவு

தூக்கம் போதவில்லை என்றதும் மனிதர் இயல்பாகச் செய்வது சீக்கிரமாகப் படுப்பது, தாமதமாக எழுவது. நாள்பட்ட தூக்கமின்மையை நிலைநிறுத்துவதும் இதே பழக்கம்தான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். இரவு 9 மணிக்குப் படுத்து, காலை 6 மணிக்கு எழும் ஒருவர் படுக்கையில் கழிப்பது 9 மணி நேரம். அதில் உண்மையில் உறங்குவது 6 மணி நேரம் என்றால், அவரது உறக்கத் திறன் 67 விழுக்காடு. எஞ்சிய மூன்று மணி நேரம் புரள்வதிலும் கவலைப்படுவதிலும் கழிகிறது. நாளடைவில் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிக்கொள்கிறது.

இதற்கு உறக்க மருத்துவம் தரும் தீர்வு, கேட்பதற்கு முரணாகத் தோன்றும்: படுக்கை நேரத்தைக் குறைப்பது. மேற்கண்டவர் காலை 6 மணி எழுகையை மாற்றாமல், இரவு 11.30 மணிக்கு மேல்தான் படுக்கச் செல்ல வேண்டும். முதல் வாரம் கடினமாக இருக்கும். ஆனால் ஏறிய உறக்க வேட்கை, சிதறிய உறக்கத்தை ஒன்றாகக் கட்டிவிடும். உறக்கத் திறன் 80 முதல் 85 விழுக்காட்டைத் தாண்டியதும், வாரத்துக்கு 15 நிமிடம் வீதம் படுக்கை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். முதியோருக்கு இந்த நேரத்தை ஐந்தரை மணிக்கும் கீழே குறைக்கலாகாது. வலிப்பு, இருமுனை மனநோய் உள்ளவர்களும், அடிக்கடி விழுந்துவிடுவோரும், வாகனம் ஓட்டுவோரும் மருத்துவர் கண்காணிப்பின்றி இதைச் செய்யக் கூடாது.

இதன் மறுபாதி, 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை. உறக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குச் செல்வது. இருபது நிமிடம்போல உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமர்வது. கண் சொக்கும்போது திரும்புவது. எப்படி உறங்கியிருந்தாலும் ஒரே நேரத்தில் எழுவது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நிமிடங்களை எண்ணுவது உறக்கத்தை மேலும் விரட்டும் என்பதால், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடலாம்.

இவற்றுடன் உறக்கம் குறித்த அச்சங்களைக் களையும் ஆலோசனையும் சேர்ந்ததே தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை இதுவே, மாத்திரை அல்ல என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவித்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் மறு ஆண்டே அதையே கூறியது. இந்தியாவில் இதில் பயிற்சி பெற்றோர் மிகக் குறைவு என்பதே உண்மையான தடை. மாத்திரைச் சீட்டு எழுத இரண்டு நிமிடம் போதும். இச்சிகிச்சைக்கு நான்கு முதல் எட்டு அமர்வுகள் தேவை.

பகல் தூக்கமும் நான்கு மணிச் சாயாவும்

ஆயுர்வேதத்தில் உணவு, உறக்கம், பிரம்மசரியம் ஆகிய மூன்றும் வாழ்வைத் தாங்கும் துணைத் தூண்கள். பகல் தூக்கத்தைப் பொதுவாக விலக்கும் சரக சம்ஹிதை, கோடைக்காலத்தையும், எக்காலத்திலும் முதியோர், சிறார், மெலிந்தோர் ஆகியோரையும் அதிலிருந்து விடுவிக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை உருவாக்கிய இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான், பிற்காலத்தில் சரகரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

நவீன மருத்துவமும் முதியோரின் குட்டித் தூக்கத்துக்குத் தடை விதிக்கவில்லை. வரம்பு மட்டுமே விதிக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்கு மிகாமல் என்பது பொதுவான அளவு. இரண்டு மணி நேரம் உறங்கினால் இரவுக்கு வேட்கை மிஞ்சாது. பகலில் உட்கார்ந்த இடத்திலெல்லாம் உறங்கி விழுவது என்றால், அது ஓய்வன்று, நோயின் அறிகுறி.

காபியும் தேநீரும் உடலில் நெடுநேரம் தங்குபவை. அருந்திய காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்த காபியின் பாதி, பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். உறக்கம் மெலிந்தவர்கள் நண்பகலுக்குப் பின் அதை நிறுத்திப் பார்ப்பது நல்லது. மது முதலில் உறங்கச் செய்தாலும், இரவின் பிற்பாதியில் உறக்கத்தைச் சிதைத்துவிடும், மூச்சுத்தடையையும் கூட்டும்.

இரவில் எத்தனை முறை எழ வேண்டியுள்ளது?

முதியோரின் உறக்கத்தைக் கலைப்பவற்றில் முதலிடத்தில் வைக்கத்தக்கது சிறுநீர். ஒருமுறை எழுவது இயல்பு. இரண்டு, மூன்று முறைக்கு மேல் என்றால் காரணம் தேட வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், இரவு உணவில் மிகுந்த உப்பு எனக் காரணங்கள் பல. பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறுவதும் உண்டு. கால் வீக்கம் உள்ளவர்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்திருந்தால், அந்த நீர் படுக்கைக்கு முன்பே வெளியேறிவிடும். இரத்த அழுத்தத்துக்கான நீர்ப்பெருக்கி மாத்திரையை மாலையில் உட்கொள்பவர்கள், காலைக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிலரது இரவைச் சீர்செய்ய இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

பலரும் அறியாதது, குறட்டையோடு கூடிய மூச்சுத்தடையும் இரவுச் சிறுநீரை மிகுவிக்கும் என்பது. மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறைகள் விரிந்து, நீரை வெளியேற்றச் சொல்லும் இயக்குநீர் சுரக்கிறது. சிறுநீரக மருத்துவரிடம் ஆண்டுக்கணக்கில் செல்பவரின் உண்மையான பிரச்சினை தொண்டையில் இருக்கவும் கூடும்.

குறட்டையை நல்ல தூக்கமென எண்ண வேண்டாம்

"நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார்" என்பது நம் வீடுகளில் பாராட்டு. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதும், சில நொடிகள் மூச்சு நிற்பதும், மூளை திடுக்கிட்டு எழுப்புவதும் ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழலாம். உறங்குபவருக்கு அது நினைவிருக்காது. காலையில் தலைவலி, வறண்ட வாய், பகல் முழுதும் அசதி, மறதி, மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவைதாம் தடயங்கள். சிகிச்சையின்றி விட்டால் பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றுக்கான வாய்ப்பு உயர்கிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் இந்தப் பாதிப்பு கூடுகிறது. ஆனால் பெண்கள் குறட்டையைச் சொல்லத் தயங்குவதால் பலர் கண்டறியப்படாமலே போகின்றனர்.

குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், மிகை உடல் எடை, 50-ஐக் கடந்த வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆண்பால் ஆகிய எட்டில் மூன்று பொருந்தினாலே பரிசோதனை பற்றி யோசிக்கலாம். ஓர் இரவு முழுவதும் மூளை அலை, மூச்சு, இரத்த ஆக்சிஜன், இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனையே இதை உறுதிசெய்யும்.

திருவனந்தபுரத்தில், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் நரம்பியல் துறையில், உறக்கக் கோளாறுகளுக்கென விரிவான மையம் செயல்படுகிறது. டெல்லி எய்ம்ஸில் உறக்கத்துக்கும் உடல் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை நெடுங்காலம் ஆராய்ந்த உடலியங்கியல் பேராசிரியர் வி. மோகன் குமார், பின்னர் இங்கு உறக்க ஆய்வைத் தொடர்ந்தார். இது உயர்சிகிச்சை நிறுவனம் என்பதால், முதலில் குடும்ப மருத்துவரையோ அரசு மருத்துவமனையையோ அணுகிப் பரிந்துரை பெற்றுச் செல்வதே முறை.

மூச்சுத்தடை உறுதியானால், முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் 'சிபேப்' கருவி முதன்மைச் சிகிச்சை. முதல் சில வாரங்கள் அது தொல்லையாகவே இருக்கும். பலர் பரணில் போட்டுவிடுவதும் அப்போதுதான். முகமூடியின் அளவை மாற்றினாலே பெரும்பாலான சிக்கல்கள் தீரும்.

வேறு இரண்டு அறிகுறிகளையும் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். கனவில் சண்டையிடுவதைப் போலக் கத்தி, கை கால்களை வீசுவது கனவு உறக்க நடத்தைக் கோளாறாக இருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின் தோன்றும் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுக்கு அது முன்னறிகுறியாக அமைவதுண்டு. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதோடு, படுக்கையருகே கூர்முனை கொண்ட மேசைகளை அகற்றுவதும் உடனடித் தேவை. மற்றொன்று, படுத்ததும் கால்களில் ஊர்வது போன்ற உணர்வும் அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பும். இதற்கு இரும்புச்சத்துக் குறைவு முக்கியக் காரணம் என்பதால், ஹீமோகுளோபின் அளவோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மாத்திரை என்னும் குறுக்குவழி

அல்பிரசோலம், டயசபாம், சோல்பிடெம் ஆகியவை இந்தியாவில் 'எச்1' அட்டவணையில் உள்ள மருந்துகள். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். விதி இதுவாயினும், எப்போதோ பத்து நாளுக்கு எழுதித் தந்த சீட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர் உள்ளனர்.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 'பியர்ஸ் அளவுகோல்', 65 வயதைக் கடந்தோர் இவ்வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. முதிய உடல் இவற்றை மெதுவாகவே வெளியேற்றுகிறது. நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுபவர் தள்ளாடி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. அதன்பின் பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதே இல்லை. மறதியும் குழப்பமும் கூடுகின்றன. மூச்சுத்தடை உள்ளவருக்குச் சில தூக்க மருந்துகள் நோயையே மோசமாக்கும். சளி மருந்துகளிலும், கடையில் எளிதாகக் கிடைக்கும் சில ஒவ்வாமை மாத்திரைகளிலும் உள்ள உறக்கமூட்டிகளும் முதியோருக்குப் பாதுகாப்பானவை அல்ல.

இதைப் படித்துவிட்டு, பல மாதங்களாக உட்கொண்டுவரும் மாத்திரையை இன்றிரவே நிறுத்துவது அதைவிட ஆபத்து. நடுக்கம், கடும் பதற்றம், வலிப்புகூட வரலாம். வாரக்கணக்கில், சிறுகச் சிறுக, மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

மெலடோனின் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. மெதுவாகக் கரையும் 2 மில்லிகிராம் வகைக்கு, 55 வயதைக் கடந்தோரின் குறுகிய காலப் பயன்பாட்டுக்கு ஐரோப்பாவில் அனுமதி உள்ளது. ஆனால், அதன் பலன் மிதமானதே.

வெப்பம், படுக்கை, தொலைபேசி

உறக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் திருவனந்தபுரத்தின் இரவு, வெப்பத்தோடு ஈரப்பதமும் மிகுந்தது. வியர்வை ஆவியாகாததால் உடல் குளிர்வதில்லை. காற்றோட்டமான அறை, பருத்தி விரிப்பு, கொசுவலைக்குள் படும்படி மின்விசிறி ஆகியவை எளிய ஏற்பாடுகள். படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது, தோலுக்கு இரத்தத்தை இழுத்து உள்வெப்பத்தை இறக்கும். உறக்கமும் விரைவில் வரும். கழிவறைக்குச் செல்லும் வழியில் தரையோரம் ஒரு மங்கலான விளக்கு அவசியம். பெரிய விளக்கைப் போட்டால் உறக்கம் கலையும். போடாவிட்டால் கால் இடறும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் தொலைபேசி அழைப்பு. லண்டன் நேரம் பருவத்துக்கேற்ப நான்கரை அல்லது ஐந்தரை மணி பின்தங்கியது. அங்கு வேலை முடிந்து ஆறு மணிக்கு மகன் அழைத்தால், இங்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அந்த அழைப்புக்காகப் பெற்றோர் விழித்திருப்பர். பேசி முடித்த பின்னும் உறக்கம் வராது. வார இறுதியில் இந்திய மாலை நேரத்துக்கு அழைப்பை மாற்றிக்கொள்வது, எந்த மருந்தும் செய்யாத உதவி.

நாள்தோறும் விடியலுக்கு முன் விழிப்பு, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை சேர்ந்து வந்தால், அது உறக்கக் கோளாறு மட்டுமன்று, மனச்சோர்வாக இருக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இலும், முதியோர் உதவி எண் 14567-இலும் கட்டணமின்றிப் பேசலாம். கேரள நகரப் பகுதிகளில் 65 வயதைக் கடந்தோருக்கு, 'வயோமித்ரம்' திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இலவசப் பரிசோதனையும் மருந்தும் வழங்குகின்றன.

மருத்துவரிடம் செல்லும் முன்

இரண்டு வாரக் குறிப்பு ஒன்று தயாரித்துக்கொண்டு செல்வது பயனளிக்கும். படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் எழுந்த தடவைகளும் காரணமும், எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, தேநீர் அருந்திய வேளை ஆகியவற்றை மறுநாள் காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். இரவில் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், ஆயுர்வேத, சித்த மருந்துகள் உட்பட, அட்டையோடு ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும். அருகில் உறங்குபவர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். தனியாக வாழ்பவர், வார விடுமுறைக்கு வரும் உறவினரிடம் ஓர் இரவு தமது குறட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லலாம். அந்த இரண்டு நிமிடப் பதிவைக் கேட்டாலே, உறக்கப் பரிசோதனை தேவையா என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு அது உதவும்.